மல்லிகை சீசனில் இளைக்கும் பிள்ளை: ஒரு தொடக்கப் பள்ளி நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை பறிக்கப் போகும் பெண்கள் விடியற்காலை மூன்று, மூன்றரைக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மொட்டு மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறி மொட்டு விரிந்துவிட்டால் மார்க்கெட்டில் விலை போகாது. அதனால் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பறிப்பார்கள். கூலி கிலோக் கணக்கு. பறித்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அதற்குள் பள்ளியில் முதல் பாடவேளை தொடங்கியிருக்கும்.

இந்த வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். அங்கே படித்த ஒரு சிறுமியை 2023 ஜூலை முதல் 2025 ஜூன் வரை தொடர்ந்து கவனித்து எழுதிவைத்த குறிப்புகள்தான் இந்த ஆய்வு. அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பெயரும் அடையாளங்களும் மாற்றியிருக்கிறேன். ஒரு பிள்ளையை வைத்து ஊரையே அளந்துவிட முடியாது. ஆனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் ஊட்டநிலையை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன என்று பட்டியலாகப் படித்தவற்றை, ஒரே உடம்பில், ஒரே வீட்டில் சேர்த்துப் பார்க்க இவள் எனக்கு வழி காட்டினாள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் என்ன விழுகிறது என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறோம். எப்போது விழுகிறது, எத்தனை மணி நேர இடைவெளிக்குப் பிறகு, வருடத்தில் எத்தனை நாள் என்பதை யாரும் கேட்பதில்லை. செல்வி விஷயத்தில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

இரண்டாம் பாடவேளை வயிற்றுவலி

2023 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். அமைதியான பிள்ளை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது இரண்டாம் பாடவேளையில் எழுந்து வந்து, "டீச்சர், வயிறு வலிக்குது" என்பாள். நானும் ஓம வாட்டர் கொடுத்து உட்கார வைப்பேன். மதியம் சத்துணவு சாப்பிட்டதும் வலி காணாமல் போய்விடும். கணக்குப் பாடத்துக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"காப்பி."

"வேற?"

"பன்னு."

"நேத்து ராத்திரி?"

"தூங்கிட்டேன் டீச்சர்."

முந்தின நாள் மதியம் பன்னிரண்டே முக்காலுக்குச் சத்துணவு சாப்பிட்டவள், மறுநாள் மதியம் பன்னிரண்டே முக்கால் வரை ஒரு டம்ளர் வரக்காப்பியிலும் ஒரு பன்னிலும் ஓட்டியிருக்கிறாள். எல்லா நாளும் இப்படி இல்லை. ராத்திரி சாப்பிட்ட நாள்களில்கூட ஏழு மணிச் சோற்றுக்கும் மறுநாள் மதியச் சோற்றுக்கும் நடுவே பதினேழு மணி நேரத்துக்கு மேல். சின்னப் பிள்ளைகளுக்குப் பசி என்று சொல்லத் தெரிவதில்லை. வயிறு வலிக்குது, தலை சுத்துது, தூக்கம் வருது என்றுதான் வரும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்கி விழும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்போம்.

அளந்து பார்த்தபோது

ஜூலையில் எடையும் உயரமும் பார்த்தோம். வயது எட்டு முடிந்து இரண்டு மாதம். எடை 17.5 கிலோ, உயரம் 117 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் எட்டு வயதுப் பெண் பிள்ளையின் நடுமட்ட உயரம் 126 செ.மீ.க்குச் சற்று மேல், வளர்ச்சி குன்றியவள் என்று சொல்லும் கோடு 115 செ.மீ. அருகே. செல்வி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றாள். எடையை, மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தால் 12.8 வந்தது. அந்த வயதுக்கு 12.9க்குக் கீழே போனாலே மெலிவு. ஆக, உயரத்தில் தப்பித்தவள் மெலிவில் மாட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ரத்தம் எடுத்ததில் ஹீமோகுளோபின் 10.2. இந்த வயதில் 11.5க்குக் குறைந்தால் ரத்தசோகை.

இவள் ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 22% பேர் வளர்ச்சி குன்றியும், 23% பேர் மெலிந்தும், 24% பேர் ரத்தசோகையோடும் இருந்தார்கள். நாலில் ஒரு பிள்ளை. முப்பது பேர் உட்காரும் வகுப்பில் இது ஒரு வரிசை.

வளர்ச்சி குன்றலையும் மெலிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உயரம் பழைய கணக்கு, எடை இன்றைய கணக்கு. பிள்ளை குட்டையாக இருப்பதற்குக் காரணத்தைத் தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் தேட வேண்டும். செல்வியின் தாய் சேய் நல அட்டையை அவள் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். பிறந்த எடை 2.2 கிலோ என்று எழுதியிருந்தது. 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைந்த பிறப்பு. கர்ப்பமாக இருந்தபோது அம்மாவுக்கு ரத்தம் குறைவு, இரும்புச் சத்து ஊசி போட்டார்களாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில் இந்த எண் இருக்கிறது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. பள்ளி வாசலுக்கு வரும்போதே பிள்ளை ஒரு கடனோடுதான் வருகிறது. பள்ளி அதை முழுக்க அடைத்துவிட முடியாது.

வீட்டில் ஒரு காலை

ஒரு சனிக்கிழமை ஏழு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தோட்டத்தில். அப்பா கட்டட வேலைக்குத் திருப்பூர் போயிருந்தார், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார். பாட்டிதான் வீட்டில். கண் புரை, அடுப்பைப் பற்றவைக்கப் பயம். கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் மருமகள் இல்லாத நேரத்தில் அதைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டில் காப்பி வாங்கிவந்து பேத்திக்கும் ஒன்றரை வயதுப் பேரனுக்கும் ஊற்றிக் கொடுக்கிறார். வாசல் பெட்டிக் கடையில் பன்.

"நான் என்னத்த டீச்சரம்மா பண்றது, அவ வந்து ஆக்குனாத்தான் சோறு" என்றார். ரேஷன் அரிசி மூட்டையில் இருந்தது, பருப்பு டப்பாவில் இருந்தது, முருங்கை மரம் கொல்லையில் நின்றது. இல்லாதது ஏழு மணிக்கு ஒரு கை.

அம்மாவைச் சாயங்காலம் பார்த்தேன். நல்ல விவரமான பெண். "ராத்திரியே ஆக்கி வச்சிரலாம்ல?" என்று கேட்டதற்கு, "ராத்திரி ஆக்குறது ராத்திரிக்கே சரியாப் போகுது டீச்சர். ஏழரைக்குப் படுத்தாத்தான் மூணு மணிக்கு எந்திரிக்க முடியுது. அவ அதுக்கு முன்னாடியே தூங்கிருவா, எழுப்பி ஊட்டவா முடியும்?" என்றார். அக்கறை இல்லாத பேச்சு இல்லை இது. அந்த வீட்டின் கடிகாரம் பூவுக்கு ஓடுகிறது, பிள்ளைக்கு ஓடவில்லை.

வறுமை, அறியாமை என்று இரண்டு சொற்களில் இந்த வீட்டை எழுதி முடித்துவிடலாம். பல அறிக்கைகள் அப்படித்தான் முடிக்கின்றன. நான் பார்த்த வரையில் இரண்டுமே பாதி உண்மைதான். சீசனில் அந்த அம்மாவின் கையில் காசு இருக்கும். முருங்கைக் கீரையில் இரும்புச் சத்து உண்டு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். காசு வரும் மாதத்தில்தான் அடுப்பங்கரை காலியாகக் கிடக்கிறது.

வரக்காப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காப்பியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், நம் சோறு, பருப்பு, கீரையிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்புச் சத்தைத் தடுக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு நேர்மாறு, உறிஞ்சிக்கொள்ள உதவும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு தடவை காப்பி என்றால், சேர்வதில் ஒரு பங்கை நாமே கழித்துவிடுகிறோம்.

நூறு ஆண்டு மதியமும் விடுபட்ட காலையும்

இங்கே பள்ளித் தட்டின் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் முடியாது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் நெல்லும் காசும் கொடுத்து நடந்த ஏற்பாடு அது. அறுபதுகளில் படித்தவர்களுக்கு கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனம் வழியாக வந்த கோதுமையும் பால் பவுடரும் இன்னும் நாக்கில் இருக்கும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது படிப்படியாக ஏறி 2010இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். இப்போது கலவைச் சாதம், மிளகு முட்டை, கொண்டைக்கடலைப் புலாவ் என்று வகை வகையாகப் போடுகிறார்கள்.

இத்தனையும் மதியத்துக்குத்தான். காலை வேளை நூறு ஆண்டுகளாக வீட்டின் பொறுப்பில் இருந்தது. வீட்டில் ஏழு மணிக்கு யாராவது இருப்பார்கள் என்ற எண்ணத்தில். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளுக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. எங்கள் பள்ளிக்கு வந்ததும் அன்றைக்குத்தான்.

எங்கள் பள்ளியில் சமைத்தவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண், அவர் பிள்ளையும் அங்கேதான் படித்தான். ஆறு மணிக்குள் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ஒரு பிள்ளைக்கு ரவையோ சேமியாவோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அந்தந்த ஊரில் விளையும் காய்கள். திங்களன்று உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போகும். முதல் வாரத்தில் ஒரு காட்சியை நான் மறக்க மாட்டேன். வெண்பொங்கல் நாள். செல்வி தட்டை முகத்துக்கு அருகே தூக்கி ஆவியை முகர்ந்தாள். அப்புறம் மிளகை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். சாப்பிட்டு முடித்தபின் அந்த வரிசையையும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். அவசரமே இல்லை. மதியச் சோற்றை அவள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. குனிந்தால் நிமிராமல் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

இரண்டாம் பாடவேளை வயிற்றுவலி செப்டம்பர் நடுவில் நின்றுவிட்டது.

தட்டுக் கணக்கு

சரி, இரண்டு வேளை பள்ளியில் கிடைத்தால் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,700 கிலோ கலோரியும் 23 கிராம் புரதமும் வேண்டும். மதிய உணவுக்கு மத்திய அரசு வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, தொடக்க வகுப்புகளுக்கு 450 கிலோ கலோரி, 12 கிராம் புரதம். காலை உணவில் சராசரியாக 290 கிலோ கலோரிக்கும் 10 கிராம் புரதத்துக்கும் அருகில் வருகிறது. கூட்டினால் 740. புரதம் ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. நம்மூரில் தட்டில் முட்டையும் இருப்பதால், பள்ளி நாளில் புரதத்துக்குக் குறை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் கலோரியில் பாதிக்கு மேல் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அக்டோபரில் பாட்டியைக் கடைத்தெருவில் பார்த்தேன். "இப்பல்லாம் கவலை இல்ல டீச்சரம்மா, ரெண்டு வேளையும் பள்ளிக்கூடத்துலயே சாப்பிட்டுர்றா, ராத்திரி வேணாம்னா விட்டுர்றது" என்றார் சந்தோஷமாக. பள்ளி ஒரு வேளையைக் கூட்டியபோது வீடு ஒரு வேளையைத் தளர்த்திவிட்டது. இது ஏமாற்று அல்ல. எந்த வீடும் அப்படித்தான் நினைக்கும். பெற்றோர் கூட்டத்தில் இதைப் பொதுவாக எடுத்துச் சொன்னோம்: பள்ளிச் சாப்பாடு பாதி, மீதிப் பாதி உங்கள் வீட்டு ராத்திரிச் சோறு. நாங்கள் பேசியவற்றில் அம்மாக்கள் மனதில் நின்றது இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

காலை உணவின் பலனைப் பேசும்போது வருகைப் பதிவைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், 1,543 பள்ளிகளில் 1,319இல் 2022 ஜூன், ஜூலையைவிட 2023 ஜனவரி, பிப்ரவரியில் வருகை கூடியிருந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஜூனிலும் ஜனவரியிலும் வருகை இயல்பாகவே வேறுபடும். தவிர, பிள்ளை பள்ளிக்கு வருவதும் பிள்ளையின் ரத்தத்தில் இரும்பு ஏறுவதும் ஒன்றல்ல. எடையும் உயரமும் ஹீமோகுளோபினும் வருகைப் பதிவேட்டைப் போலவே மாதாமாதம் பார்க்கப்பட வேண்டும்.

பல், பூச்சி, மாத்திரை

கொண்டைக்கடலைப் புலாவ் போடும் நாளில் செல்வி கடலையை மட்டும் ஒதுக்கிவிடுவாள். பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் வாயைத் திறக்கச் சொன்னேன். இடது பக்கக் கடைவாய்ப் பல் இரண்டு கறுத்துக் குழி விழுந்திருந்தது. வலது பக்கத்தில் மட்டும் மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் மெதுவான பண்டமாகப் பார்த்து. கடலை, கேரட், வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு எதுவும் அவளால் முடியாது. புரதமும் நாரும் உள்ள பொருளெல்லாம் தட்டின் ஓரத்தில் கிடந்ததற்குக் காரணம் சொத்தைப் பல். ஊட்டச்சத்தைப் பாதிக்கும் காரணிகள் என்று எழுதும்போது பல்லை யாராவது எழுதுகிறார்களா? எனக்குப் படித்த நினைவில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு பல்லைப் பிடுங்கி, இன்னொன்றை அடைத்தார்கள். அதற்கு அவள் அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தது. சீசன் இல்லாத மார்கழியில்தான் அது முடிந்தது.

பூச்சி மாத்திரை ஆண்டுக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிறோம். அல்பெண்டசோல் 400 மில்லி கிராம், மென்று தின்ன வேண்டும். நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து வெளியே போய்த் துப்பும் பிள்ளைகளும் உண்டு. அதனால் முன்னால் நிற்க வைத்துத் தின்னச் சொல்வோம். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் வழியாகவே ஏறிவிடும். அரசு கொடுக்கும் காலணியை அழுக்காகிவிடும் என்று வீட்டில் எடுத்துவைத்துவிட்டு, வெறுங்காலோடு பூந்தோட்டத்துக்கும் கொல்லைக்கும் போகும் பிள்ளைகளுக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? ஆறு மாதத்தில் திரும்பவும் ஏறும்.

வாரம் ஒரு நாள் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை, 5 முதல் 9 வயதுக்கு ரோஸ் நிறத்தில் வரும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் பத்துப் பிள்ளைகள் வேண்டாம் என்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்தபின் கொடுக்கத் தொடங்கியதும் இந்தத் தொல்லை குறைந்தது. இதுவும் நேரக் கணக்குதான்.

ஐந்து ரூபாய் பாக்கெட்

காலையில் சமைக்காத வீடு பிள்ளையின் கையில் ஐந்து ரூபாய் கொடுத்து அனுப்புகிறது. பள்ளி வாசலில் அந்த ஐந்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் உண்டு: எண்ணெய், உப்பு, மாவு, காற்று. பதினொரு மணி இடைவேளையில் அதைத் தின்றவன் மதியம் பாதிச் சோற்றைக் கொட்டுகிறான். காலை உணவு வந்தபின் பாக்கெட் குறைந்தது, ஒழியவில்லை.

காய் விஷயம் வேறு. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிற மாவட்டம் இது. தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலையில் எங்கள் மதியச் சாம்பார் வெளுத்தது. காய்க்கு ஒதுக்கப்படும் சில்லறையை விலைவாசியோடு சேர்த்து ஏற்றாவிட்டால் பட்டியலில் காய் இருக்கும், கரண்டியில் இருக்காது. சமைப்பவர்களின் நிலையும் இதோடு சேர்ந்தது. சத்துணவு ஊழியர்கள் முறையான காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டுக் கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரும் மக்கள் பிரதிநிதிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பசித்த பிள்ளையின் தட்டை அதன் பெற்றோரே தட்டிவிடுகிறார்கள் என்றால், சாதியையும் ஊட்டச்சத்துக் காரணியாகத்தான் எழுத வேண்டும். நான் எழுதுகிறேன்.

மே மாதம்

இனி எடைக் குறிப்புக்கு வருகிறேன். பள்ளியின் அதே இயந்திரம், காலைச் சாப்பாட்டுக்கு முன், காலணி இல்லாமல். 2023 ஜூலையில் 17.5 கிலோ. டிசம்பரில் 18.7. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் 20.1. எனக்கு நம்பிக்கை வந்த நேரம் அது. ஜூன் 10 பள்ளி திறந்தபோது ஏற்றிப் பார்த்தேன். 19.6.

இரண்டு மாதத்தில் அரைக் கிலோ இறங்கியிருந்தது. ஏறியிருக்க வேண்டிய எடையையும் சேர்த்தால் இழப்பு இன்னும் அதிகம். காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். அப்புறம்தான் உறைத்தது. மல்லிகைக்கு உச்ச சீசன் பங்குனி முதல் ஆனி வரை. அம்மா விடுமுறையே இல்லாமல் தோட்டத்துக்குப் போகிற மாதங்கள் அவை. பள்ளி இரண்டு வேளைச் சோற்றையும் நிறுத்துகிற மாதமும் அதுதான். செல்வியும் சில நாள் அம்மாவோடு பறிக்கப் போயிருக்கிறாள். வேலை கூடி, சோறு குறைந்த இரண்டு மாதம்.

கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குக் கேட்கும் வேலை நாள்கள் ஆண்டுக்கு 200. அந்தக் கணக்கில் பார்த்தால் மீதி 165 நாள் பிள்ளை பள்ளித் தட்டுக்கு வெளியே. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே உத்தரவிட்டது. ஆந்திரத்தில் வறட்சியில் சிக்கிய பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், வறட்சியால் உடம்பில் விழுந்த இழப்பைப் பள்ளி உணவு ஈடுகட்டியது தெரியவந்தது. மழை பொய்த்தால் மட்டும்தான் விடுமுறையில் பசிக்குமா? பூவும், செங்கல் சூளையும், கரும்பு வெட்டும் அம்மாக்களை விடியுமுன்னே கூட்டிப்போகும் வட்டாரங்களில், அந்தந்த சீசனைப் பார்த்துக் கோடையிலும் காலை அடுப்பு எரிய வேண்டும். சமையல்காரர் அதே ஊரில்தான் இருக்கிறார், பாத்திரமும் அங்கேயே இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது அரிசி, பருப்பு, முட்டையைப் பெற்றோர் கையில் கொடுத்தார்களே. செய்ய முடியாத காரியம் இல்லை.

இதன் பலன் இந்தத் தலைமுறையோடும் நிற்காது. சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சி குன்றல் குறைவாக இருந்ததாக, நாடு தழுவிய தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. செல்வியின் பிறப்பு அட்டையில் நான் பார்த்த அந்த 2.2 கிலோவில், அவள் அம்மா மூன்றாம் வகுப்பில் என்ன சாப்பிட்டார் என்பதற்கும் பங்கு இருக்கலாம்.

இரண்டாம் ஆண்டு

2024 ஜூலையில் உயரம் 122 செ.மீ. ஓராண்டில் 5 செ.மீ. இந்த வயதுக்கு வழக்கமான வளர்ச்சி, ஆனால் விட்டுப்போன உயரத்தை அவள் எட்டிப் பிடிக்கவில்லை. எடை 20.2, மெலிவுக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டாள். ஹீமோகுளோபின் 11.4, கோட்டுக்கு 0.1 கீழே. எது எதனால் நடந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. காலை உணவு, பூச்சி மாத்திரை, இரும்பு மாத்திரை, பல், ராத்திரிச் சோறு எல்லாம் ஒரே ஆண்டில் சேர்ந்து நடந்தவை.

2025 ஏப்ரலில் பெற்றோர் கூட்டம் கூட்டினோம். சத்து பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி: மே மாதம் காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார், அடுப்பு இல்லாமல் பிள்ளைக்கு என்ன கொடுக்க முடியும்? பாட்டிகள்தான் முதலில் பேசினார்கள். பழைய சோறு என்றார்கள். ராத்திரி ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டு வடித்து, தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் அடுப்பே வேண்டாம். மோர், சின்ன வெங்காயம், ஒரு கை வறுத்த வேர்க்கடலை. வீட்டில் ஆதிகாலமாக இருந்த பண்டம். பன்னும் காப்பியும் வந்தபின் மறந்துபோயிருந்தது. பிள்ளைகள் தொடுவார்களா என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. உப்பும் மாங்காய் ஊறுகாயும் இருந்தால் தொடுவார்கள் என்று ஒரு பாட்டி அடித்துச் சொன்னார்.

செல்வியின் அம்மா என்னிடம் தனியாக வந்து, "அவள அம்புட்டு சீக்கிரம் தூங்க விடாம ஏழு மணிக்கே சோறு போட்டுர்றேன் டீச்சர், காலையில அத்தை பாத்துக்கிரும்" என்றார்.

அந்த ஏப்ரலில் அவள் எடை 22.3 கிலோ. ஜூன் 2 பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து தானாகவே வந்து இயந்திரத்தில் ஏறினாள். 22.6. எண்ணைப் படித்துவிட்டு, "கடலைகூட இப்ப ரெண்டு பக்கமும் கடிக்கிறேன் டீச்சர்" என்று வாயைத் திறந்து காட்டினாள்.